இருபத்தேழு

அயோத்தியாபட்டணம் தாண்டி மூன்றாவது ஜவ்வரிசி ஆலை.
வாசலில் எடைமேடை, அதற்கு இடப்பக்கம் என் தொட்டி.
லோடுக்கு ஐந்து கிலோ கிழங்கெடுத்துக்
கம்பிக் கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்குவேன்.
முள் ஆடி ஆடி நிற்கும்.
நின்ற இடம் பாயிண்ட்.
பாயிண்டுக்குத்தான் விலை,
ஒன்றுக்கு டன்னுக்கு முந்நூறு.

முள் இருப்பது என் பக்கம்.
எதிரில் நிற்பவர்கள் என் வாயைப் பார்ப்பார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை.
என் மகள் டைபாய்டில் கிடந்தபோது காரை அனுப்பியவர்.
"ஒண்ணு கொறச்சே சொல்லு தேவசித்தம்,
மண்ணு ஒட்டியிருக்குமில்ல" என்றார்,
சேர்ந்த முதல் வாரம், தோளில் கைபோட்டு.
மண் ஒட்டித்தான் இருந்தது.
அதனால் அது பொய் மாதிரித் தெரியவில்லை.
பிறகு கிழங்கைக் கழுவ ஒரு குழாய் வைத்தார்கள்.
கழுவிய கிழங்குக்கும் ஒன்று குறைத்தேன்,
பதினோரு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டி ஆலயம்.
இரண்டாம் வரிசை, வெள்ளைச் சட்டை,
காணிக்கைப் பைக்கு மடிக்காத நோட்டு.
கன்வென்ஷனில் ஒருமுறை மைக் பிடித்துச்
சாட்சிகூடச் சொன்னேன்,
குடியை விட்ட கதை. அழுதார்கள்.
தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானும் அதைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை.

தை மாதம், வெயில் ஏறாத நேரம்.
சேர்வராயன் மலை பாதி பனிக்குள் இருந்தது.
வலசையூர் சடையன் டிராக்டரோடு நின்றான்.
"முள்ள எட்டிப் பாருய்யா" என்றான் பின்வண்டிக்காரன்.
பீடியைச் சக்கரத்தில் தேய்த்து அணைத்தபடி
சடையன் சொன்னான்:
"அவரு வேதக்காரரு. பொய் சொல்லமாட்டாரு."

புகழ்ச்சியாகச் சொல்லவில்லை.
இது கிழக்கு, அது மேற்கு என்பதுபோல.

கூடை இறங்கியது.
வழக்கமாக முள் நிற்குமுன்பே
நாக்கு தயாராக இருக்கும்.
அன்றைக்கு அது முள்ளுக்காகக் காத்திருந்தது.
"இருபத்தேழு" என்றேன்.

கணக்கர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
சடையன் சிரிப்பான் என்று நினைத்தேன்.
அவன் நெற்றியைச் சுருக்கினான்.
"அதே காடு, அதே முள்ளுவாடி ரகம்.
மழகூட இந்தத் தடவ கம்மி.
போன வருசம் இருவத்தாறு தானுங்களே?"

இதற்கு நான் ஜெபித்துவிட்டு வந்திருக்கவில்லை.
ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டு
வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தேன்.
அது திரும்பி நடந்துபோய்
பழைய வருஷங்களை ஒவ்வொன்றாக எழுப்பும் என்று
யார் கண்டது?

"போன வருசமும் இருபத்தேழுதான்" என்றேன்.
"அதுக்கு முந்தியும்."

கூடையிலிருந்து சொட்டும் சத்தம்.
அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி
மோதிர விரலில் நின்றுவிட்டான்.

இப்போது நான் காயவைக்கும் களத்தில்.
சம்பளத்தில் இரண்டாயிரம் பிடித்தம்.
தொட்டியில் ஒரு புதுப் பையன், நல்ல பிள்ளை.
அவன் "இருபத்தாறு" என்று கத்தும்போதெல்லாம்
என் கைப்பலகை ஜவ்வரிசி நடுவில் நின்று
பிறகு நகர்கிறது.

ரெஜினாள் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் மகளின் பழைய கணக்கு நோட்டைத் தந்து
"எழுதுங்க, எத்தன பேருன்னு பாப்போம்" என்றாள்.
ஞாபகம் வந்தவரை நாற்பத்திரண்டு பெயர்.
மற்றவர்களின் முகம் இருக்கிறது, ஊர் இல்லை.
சடையனுக்கு மட்டும்
ஆறு வருஷம், வருஷத்துக்கு எட்டு டன்,
பதினாலாயிரத்து நானூறு.
நாற்பத்திரண்டையும் தீர்க்க என் ஆயுசு போதாது.
தெரிந்தே முதல் பெயரில் தொடங்கினேன்.

போன சனிக்கிழமை வலசையூர் போனேன்.
ஐந்நூறு ரூபாய், ஐம்பதும் இருபதுமாக.
அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள்.
சடையன் வாங்கினான்.
விரலை நனைத்து
ஒவ்வொரு நோட்டாக எண்ணினான்,
என் முன்னாலேயே,
இரண்டு தடவை.