பதினாறில் ஏழாவது

வாங்கிய அன்று நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டியது.
நேற்று எழுபத்தொன்று.
மாட்டுத்தாவணிக்கும் ஒத்தக்கடைக்கும்
பத்து நடை அடித்தவள்
ஆறாவது நடையிலேயே
திரையைப் பார்த்து ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறேன்.

தவணை இன்னும் பதினான்கு மாதம்.
வாரண்டி போன பங்குனியோடு சரி.
இரண்டுக்கும் ஒரே நாளில்தான் கையெழுத்துப் போட்டேன்.

கப்பலூரில் கோவர்த்தனன்
இருக்கைக்கு அடியிலிருந்து பெட்டியை இறக்கினான்.
நாலு போல்ட், ஒரு எலிக்கூடு.
மூடியைத் திறந்தால்
நீலத் தாள் சுற்றிய பதினாறு செங்கல்.
உள்ளே மின்னல்போல் ஏதோ சுருண்டு கிடக்குமென்று
மூன்று வருடமாக நினைத்திருந்தேன்.

மீட்டரின் சிவப்பு முனையும் கறுப்பு முனையும்
ஒவ்வொன்றாகத் தொட்டுப் போயின.
மூன்று புள்ளி இரண்டு எட்டு.
மூன்று புள்ளி இரண்டு எட்டு.
ஏழாவதில் நின்றான்.
இரண்டு புள்ளி ஒன்பது.

"இது ஒண்ணு படுத்தா எல்லாம் படுக்கும்க்கா.
மத்த பதினஞ்சுலயும் சார்ஜ் இருக்கு.
இது காலின்னதும் சர்க்யூட்டு
மொத்தத்தையும் நிறுத்திடும்."

கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் விட்டீங்களா?
விட்டேன்.
தினமும் நூறு ஏத்துவீங்களா?
ஏற்றாமல்?
எண்பது போதும்க்கா, வாரத்துக்கு ஒரு நாள் நூறு,
இருபதுக்குக் கீழ விடாதீங்க.
ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்தை
இவன் கட்டியதில்லை.

புதுசாக ஒன்றைப் போடேன் என்றேன்.
"புதுசு இதுங்களோட சேராது.
இதே வயசுல, இதே அளவு ஓடுனது வேணும்."

மதியச் சோறு தள்ளித் தேடினான்.
பிரித்துப்போட்ட வண்டிகளின் செல்கள்
சுவரோரம் இடுப்புயரம்.
நாலைந்தைத் தொட்டுப் பார்த்து
ஒன்றைத் துடைத்து நீட்டினான்.
பக்கவாட்டில் மார்க்கரில் எழுதியிருந்தது:
சிட்டம்பட்டி. லாரி. ஐப்பசி 9.

யார் வண்டி என்று நாக்கு வரை வந்தது.
ஒத்தக்கடை ஸ்டாண்டில்
சில்லறை கேட்டால் முகம் சுளிக்காமல் தரும் ஒருத்தி,
தீபாவளிக்கு அப்புறம் காணோம்.
வேறு ரூட்டுக்குப் போயிருக்கலாம்.
பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.
"போடு" என்றேன்.

இன்று தொண்ணூற்றாறு காட்டுகிறது.
ஒன்பது நடை.
சாயங்காலம் மேலூருக்கு ஒரு சவாரி,
மூட்டையோடு இரண்டு பேர்.
சிட்டம்பட்டி டோலுக்கு முன்னால்
கை தானாக வேகத்தைக் குறைத்தது.

"ஏம்மா, சார்ஜ் தீந்துருச்சா?"

இல்லைங்க,
இருக்கு.