இருபத்தோராயிரம்

அயோத்தியாப்பட்டணம் ஜவ்வரிசி ஆலையில்
நூற்று எண்பத்தாறு பேர்.
மாதக் கடைசியில் அவர்களை
நான்தான் கூட்டுகிறேன், கழிக்கிறேன்.
நானும் அதில் ஒரு வரி: நூற்று நாற்பத்து மூன்று.

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் காட்டிய தொகையில்
கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் இருந்தது,
ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால் வரும் பணிக்கொடையும்.
கல்யாணப் பத்திரிகையில்
செத்துப்போன பெரியப்பா பெயரையும் அச்சடிப்பதுபோல.
மரியாதைதான். பந்திக்கு வரமாட்டார்.

மார்ச் கடைசி வாரம் செங்கமலம் வந்தாள்.
பேக்கிங்கில் சூப்பர்வைசர்.
மேசை விளிம்பைப் பிடித்த இடத்தில்
ஐந்து விரலும் மாவாகப் பதிந்தன.
சம்பள உயர்வுக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து,
‘இது வேண்டாமுங்க’ என்றாள்.

எழுநூறு ரூபாய் உயர்வு.
இருபதாயிரத்து அறுநூறு
இருபத்தோராயிரத்து முந்நூறாகும்.
போதாது என்பார்கள்,
பக்கத்து மிஷின்காரனுக்கு எவ்வளவு என்பார்கள்,
ஒருத்தர் மண்ணை வாரித் தூற்றியும் போயிருக்கிறார்.
வேண்டாம் என்று யாரும் வந்ததில்லை.

முந்தானை முடிச்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள்.
வீட்டுக்காரர் பெரியதம்பி. வாரம் இரண்டு டயாலிசிஸ்.
இ.எஸ்.ஐ. எழுதிக்கொடுக்கிற ஆஸ்பத்திரியில், காசில்லாமல்.
இருபத்தோராயிரம் தாண்டினால் அட்டை செல்லாதென்று
மருந்து வரிசையில் யாரோ சொன்னார்களாம்.
‘நெசமுங்களா?’

நெசம்தான்.
‘டிசம்பர் வரைக்கும் செல்லும்’ என்றேன்,
அது ஆறுதல் என்று நினைத்து.
வாரத்துக்கு இரண்டென்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியவள்
ஜூலையிலேயே நிறுத்திக்கொண்டாள்.

எல்லோரும் முதலில் திட்டுவது அந்தப் பிடித்தத்தைத்தான்.
நூற்றைம்பத்தைந்து ரூபாய்.
‘காச்சல் வந்தாக்கூட அங்க போறதில்ல,
எதுக்குப் புடிக்கறீங்க?’
அதைப் பிடிக்கச் சொல்லி
ஒருத்தி என் மேசைமுன் நிற்கிறாள்.

அன்று மதியம் சோற்றுக்குப் போகவில்லை.
விதிகளைப் படித்தேன்.
இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் தருவது
கூலிக் கணக்கில் சேராது.
எழுநூறைப் பன்னிரண்டால் பெருக்கினால் எட்டாயிரத்து நானூறு.
வருட ஊக்கத்தொகை. தீபாவளிக்கு, ஒரே தடவையாக.

தீனதயாளன் சார் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தார்.
பீட்ரூட் துருவல் கடிதத்தின்மேல் விழுந்தது.
‘தாண்டிவிட்டால் நமக்கும் மிச்சம்தானே அம்மா’ என்றார்.
மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
அவளுக்காக இ.எஸ்.ஐ.க்குக் கம்பெனி கட்டுவது
மாதம் அறுநூற்று எழுபது.
அதை நிறுத்திவிட்டு எழுநூறு தருகிறோம்.
உயர்வு என்று கடிதத்தில் இருந்தது
முப்பது ரூபாய்.

எண்ணைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.
ஜன்னலில் சேர்வராயன் மலை கறுத்துக்கொண்டு வந்தது.
ஏற்காடு போகிற ஏதோ வண்டியின் வெளிச்சம்
ஒரு வளைவில் தெரிந்து, மறைந்து,
இன்னும் மேலே தெரிந்தது.
அவர் கைதுடைத்துக் கையெழுத்திட்டார்.
‘எல்லாரும் இதே மாதிரி வந்து நின்றால்?’
நிற்கட்டும் என்று நினைத்தேன். ‘சரிங்க சார்’ என்றேன்.

என் வரி இருபத்தோராயிரத்தைத் தாண்டிய வருடம்
நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.
அதற்கடுத்த ஆடியில் குடல்வால்,
முப்பத்தெட்டாயிரம், ஐந்து ரோட்டில், நகையை வைத்து.
கூட்டத் தெரிந்தவள்தான் நான்.

அக்டோபர் சீட்டு வாங்க அவளே வந்தாள்.
எட்டாயிரத்து நானூறைத் தடவிப் பார்த்தாள்.
‘இதுல ஒண்ணும் புடிக்கலீங்களே?’
இல்லை என்றேன்.
சீட்டின் வலப்பக்கம் விரலால் இறங்கிக்கொண்டே வந்தாள்.
‘அந்த நூத்தம்பத்தஞ்சு?’
‘பிடிச்சிருக்கேன், பாருங்க.’
பார்த்தாள்.
நாலாய் மடித்து அட்டையோடு சேர்த்து முடிந்துகொண்டு
பேக்கிங் பக்கம் போனாள்.