சிவப்புக் கோடு

காரணம் தெரியவில்லை என்றார்கள் முதலில்.
எல்லைப் பக்கம் ஒரு ஹெலிகாப்டர், நான்கு பேர்,
அவ்வளவுதான் ஓடியது திரையின் அடியில்.
வால் எண் சொல்லவில்லை; சொல்ல மாட்டார்கள்.
கையில் கரண்டி. வாணலியில் கடுகு கரிந்தது.

முருகேஷ்பாளையத்தில் எங்கள் ஜன்னல்களுக்கு
ஹெலிகாப்டரைத் தெரியும்.
சோதனைக்கு ஒன்று எழும்பினால்
சட்டத்துக்குள் கண்ணாடி முனகும்,
எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்,
கீழ்வீட்டு நாகரத்னம்மா கன்னடத்தில் வைதுவிட்டு
"உங்களுதா?" என்பார் என்னைப் பார்த்து.
என்னுடையதுதான்.
எதில் என் கை படவில்லை?

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை.
சுரஞ்சன்தாஸ் சாலையில் திரும்பும்போது
பெயின்ட் ஷாப் ஜான் கென்னடி
என் காதருகே எண்ணைச் சொன்னான்:
நானூற்றுப் பதினேழு.

வால் கியர்பாக்ஸ். பன்னிரண்டு நட்டு.
க்ளிக் கேட்கும்வரை டார்க் ரெஞ்ச்,
இரட்டையாய் முறுக்கிய பூட்டுக்கம்பி,
கடைசியில் மெல்லிய தூரிகையால்
நட்டிலிருந்து உடம்புக்கு இழுத்த ஒரு சிவப்புக் கோடு.
நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடையும்.
முத்திரை எண் அறுபத்திரண்டு, நான்,
எமல்டா சவரியப்பன், இன்ஸ்பெக்டர், பத்தொன்பது வருடம்.

வண்டியை எடுத்துப்போக வந்தவர்களில் ஒருவன்,
சார்ஜென்ட் லால்ரின்மாவியா, மிசோ பையன்,
குனிந்து பார்த்து
"நெயில் பாலிஷா மேடம்?" என்றான் இந்தியில்.
ஆமாம், தொடாதே, ஈரம் காயவில்லை என்றேன்.
உடனே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.
மற்ற மூவரை எனக்குத் தெரியாது.
செய்தித்தாளில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
சோஹல், பர்த்வால், குஞ்ஞுமோன்.

பதிவேடுகளை அரக்கு வைத்து எடுத்துப்போயிருந்தார்கள்.
பதினோரு நாள்
அந்தப் பன்னிரண்டையும் திரும்பத் திரும்ப முடுக்கினேன்.
குளிக்கையில்.
ஹலசூர் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குகையில்.
ஞாயிறு பூசையில் நன்மை வாங்க வரிசையில் நிற்கையில்.
ஏழாவது நட்டில் க்ளிக் கேட்டேனா?
அன்றைக்கு மகளின் பள்ளியிலிருந்து போன் வந்ததே,
அது ஏழாவதுக்கு முன்னாலா, பின்னாலா?

பன்னிரண்டாம் நாள் அறைக்குக் கூப்பிட்டார்கள்.
ஏவுகணை, என்றார் அதிகாரி.
காயம்பட்டவர்களை எடுக்க இறங்கும்போது.
தோளில் வைத்துச் சுடுகிற வகை.
உங்கள் பக்கம் பிழை இல்லை.

நான் மூச்சு விட்டேன்.
ஐயோ, எவ்வளவு நீளமாக விட்டேன்!
பிளானிங் மூர்த்தி சார் சிரித்தே விட்டார்,
பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்,
ஏதோ சாப்பிட்டவர்போல.
நான்கு பேரைச் சுட்டிருக்கிறார்கள்.
நாங்கள் பரீட்சையில் தேறியவர்களாய்
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தோம்.

மேசைமேல் ஒரு புகைப்படம் என் பக்கம் நகர்ந்து வந்தது.
கல், பனி, கரி.
நடுவில் தீ எட்டாத ஒரு கியர்பாக்ஸ் துண்டு,
அதில் ஒரே ஒரு நட்டு.
"உங்களுடையதா?"

கோடு உடையவில்லை.

வானமே கழன்று விழுந்த பிறகும்
நான் முடுக்கியது முடுக்கியபடி இருந்தது.
யாரிடம் போய்ச் சொல்ல இதை?
ஐஸாலில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி,
அம்மா, நட்டு கழலவில்லை என்றா?

இன்று ஷெட்டுக்கு நானூற்று முப்பத்தொன்று வந்தது.
பன்னிரண்டும் முடுக்கினேன். க்ளிக்கை வாய்விட்டு எண்ணினேன்,
பக்கத்து பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்த்தான்.
கோடு இழுத்தால் வழக்கமாக
அடுத்த வேலைக்குப் போய்விடுவேன், அது பாட்டுக்குக் காயும்.
இன்று போகவில்லை.
சிவப்பு மங்கி இறுகும்வரை
அங்கேயே நின்றேன்,
கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.