நோக்கம் என்ற கட்டம்

சங்காட் ஜோங்கில்
பணம் அனுப்பும் கடை என்னுடையதல்ல.
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி மட்டும்
காலை ஒன்பதிலிருந்து எனக்கு.
சம்பள ஞாயிறு என்றால் வரிசை
பக்கத்து மளிகையின் வெங்காய மூட்டை வரை நீளும்.
செம்பனைக் குலை கீறிய கைகள்
துவாரத்துக்குள் பெர்மிட்டை நீட்டும்.

கோப்போங் எப்போதும் கடைசியில் வருவான்.
என்ன அவசரம் என்பான்.
பணம் அவன் தீவைச் சேர
என் கணினிக்குப் பத்து நிமிடம்,
கடலுக்கு எட்டு நாள்.

செவ்வாய்தோறும் ஒரு படகு,
அலை விட்டால்.
பள்ளி ஆசிரியர் வருவதும் அதிலேதான்.
ஆகவே பெருக்கல் வாய்ப்பாடும்
அலை விட்டால்.
குடிக்கும் தண்ணீர் காசு கொடுத்து,
சோறு பண்டிகைக்கு,
மற்ற நாளெல்லாம் சோளம்.
கைப்பேசி பேசுவது
மேட்டின் மேல் ஒரே ஒரு மரத்தடியில்.

என்ன மரம் என்றேன்.
லொந்தார் என்று படம் காட்டினான்.
கறுத்து, நெட்டையாய், தலை நிறைய விசிறி.
பனை!
இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்
‘ப’ எழுத்துக்குப் பக்கத்தில் நின்றது.
அதற்குப் பிறகு நான் அதைப் பார்த்ததில்லை.
இங்கே பனை என்றால் எண்ணெய் என்றேன்.
அங்கே பனை என்றால்
பெனியின் குரல் என்றான்.

படிவத்தில் பெயர், தொகை, நோக்கம்.
நான்கு வருடமாய் அவன் நோக்கம்
வீடு கட்ட.
மார்ச்சில் சுவர் ஜன்னல் வரை வந்தது.
தைப்பூசத்துக்குள் கூரை என்றான், என் நாட்காட்டியைப் பார்த்து.
அந்தத் தைப்பூசத்துக்கு முன்
சிமெண்டு படகிலேயே நனைந்து
படகிலேயே கல்லாகிவிட்டது.
துறை கட்டித் தருவார்களாம், தேர்தலுக்குள்.
எந்தத் தேர்தல்?
அடுத்தது.

பிறகு ஒரு மாதம்
பணம் திரும்பி வந்தது.
பெறுநர் வரவில்லை.
மரத்தடியில் யாரும் எடுக்கவில்லை.
மாலை வரை கடை வாசலில் குந்தியிருந்தான்.
குலை ஏற்றிய லோரிகள்
அவன்மேல் புழுதி போட்டுப் போயின.

மறுவாரம் வந்தான், முகம் வேறாக.
வேண்டுமென்றேதான் அவள் போகவில்லையாம்.
வீடு போதுமாம்.
சுவருக்குள் இப்போது கோழிகளாம்.
நான்கு பெண்கள் சேர்ந்து
கடற்பாசி வளர்க்கப் போகிறார்களாம்.
தாலி வேண்டுமாம், ஆயிரம் மீட்டர்.

மலாயில் கயிறுதான் தாலி, தெரியும்.
இருந்தும் என் கை கழுத்துக்குப் போனது.
என்னுடையது அடகுக்கடையில்.
மகன் டிப்ளோமா முடித்து
வேலையும் கிடைத்தால் மீட்கலாம்.

நான் திரும்பினால் எங்கே படுப்பது என்று
என்னிடம் கத்தினான்.
எப்போது திரும்புகிறாய் என்றேன்.
பின்னால் இல்லாத வரிசையைத்
திரும்பிப் பார்த்தான்.

இரண்டு சம்பளம் ஆளைக் காணோம்.
வந்தபோது கையில்
ஒரு முழம் பச்சை நைலான் கயிறு,
ஆ கியோங் இரும்புக்கடையில் கேட்டு வாங்கியது.
இங்கே மீட்டர் இத்தனை, அங்கே அதைப்போல் இரட்டிப்பு.
இங்கே வாங்கி அனுப்பினால்?
என் கணக்குப்பொறியை இழுத்துத் தட்டினான்,
கப்பல் கூலியில் தோற்றான்,
மறுபடி தட்டினான்.
பாசி விலை விழுந்தால் என்று கேட்டேன்.
விழும் என்றான்,
முந்திரி விழவில்லையா?

சரி, எழுது.

பழக்கத்தில் ‘வீ’ என்று எழுதி அடித்தேன்.
கணினியின் பட்டியலில்
படிப்பு உண்டு, மருத்துவம் உண்டு,
ஈமச்சடங்கு கூட உண்டு.
கயிறு இல்லை.
‘மற்றவை’யை அழுத்தினேன்.

மாதிரிக் கயிற்றை மேசையிலேயே விட்டுப்போனான்.
சங்கிலி அறுந்து
ஆளாளுக்கு எடுத்துப்போகும் கடைப் பேனாவை
இப்போது அதில் கட்டியிருக்கிறேன்.
கொஞ்சம் நீளம்தான்.
கையெழுத்துப் போடுகிறவர்கள்
இழுத்துப் பார்க்கிறார்கள்.