எண்பத்தொன்பதாம் நிமிடம்

மானிடோபாவில் எங்கள் ஊருக்கு விமான நிலையம் கிடையாது.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
ஏனென்றால் படத்தில் அவன்
கொட்டும் மழையில் விமான நிலையத்துக்குத்தான் ஓடுவான்.
எங்கள் ஊரைவிட்டுப் போகிறவர்கள்
பெட்ரோல் பங்க் வாசலில் பேருந்து ஏறுவார்கள்.
கோதுமை லாரியில் போனவர்களும் உண்டு.

எண்பத்தேழாம் வருடம். எனக்குப் பதினேழு.
பள்ளி விட்டதும் வீடியோ கடையில்
கேசட்டுகளைப் பின்னோக்கிச் சுற்றி வைக்கும் வேலை.
சுற்றாமல் தருகிறவர்களுக்கு ஐம்பது காசு அபராதம்.

அந்த ஒரு கேசட் மட்டும்
எப்போதும் ஒரே இடத்தில் நின்றபடி திரும்பி வரும்.
எண்பத்தொன்பதாம் நிமிடம்.
அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள்
(அதுவரை அவள் அழகி என்று அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது),
அவன் மூச்சிரைக்க வந்து நிற்பான்,
பிறகு முத்தம்.
ஊரே அங்கே நிறுத்தி, ஊரே திருப்பி, ஊரே மறுபடி பார்த்து
நாடா தேய்ந்துபோயிற்று.
குளிர்காலம் முடிவதற்குள்
அந்த முத்தத்தின் மேல் பனி விழத் தொடங்கியது:
வெள்ளைக் கோடுகள், இரைச்சல்,
முகங்கள் இருந்த இடத்தில் இரண்டு கலங்கல்.
எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள்
காதல் என்றால் கொஞ்சம் இரையும் என்றே நினைத்திருக்கலாம்.

டெல்மர் ஃப்ரீசன் அதை ஆறு முறை எடுத்துப் போனான்.
பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.
ஏழாவது வாரம் நள்ளிரவில்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரியில்,
என் ஜன்னலுக்குக் கல் எறிந்தான்.
படத்தில் கூழாங்கல் டிக்கென்று படும், அவள் எட்டிப் பார்ப்பாள்.
ஜனவரியில் இங்கே கூழாங்கல்லுக்கு எங்கே போவது?
ஐஸ்கட்டியைப் பெயர்த்து எறிந்திருக்கிறான்.
இரட்டைக் கண்ணாடி இரண்டும் போயின.
அப்பா உள்ளாடையோடு இறங்கிப் போய்
அவன் முகவரியை எழுதி வாங்கினார்.

நாற்பத்திரண்டு டாலர்.
வாரம் ஐந்தாக எட்டு வாரம், ஒன்பதாவது வாரம் இரண்டு.
வெள்ளிக்கிழமை மாலை வந்து
மிதியடிமேல் நின்று, தொப்பியைக் கழற்றி,
நோட்டை அப்பாவிடம் நீட்டுவான்.
நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.
ஒரு வார்த்தை பேசியதில்லை.
கடைசி வாரம் பூட்ஸைப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தான்.
படத்தில் இப்படியொரு காட்சி இல்லாததால்
இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் ஆல்பர்ட்டாவுக்குப் போனான், எண்ணெய்க் கிணற்று வேலைக்கு.
பேருந்து பதினோரு நிமிடம் நின்றது.
சாலைக்கு இந்தப் பக்கம் கடை, கவுண்டருக்குப் பின்னால் நான்.
கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன்.
அதனால்தான், அவன் இந்தப் பக்கம் பார்த்தானா என்று
என்னால் சாட்சி சொல்ல முடியாது.

முப்பது வருடம் கழித்து, ஒரு சாவு வீட்டில்,
உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் வைத்துக்கொண்டே
அவன் தங்கை ஆர்லீன் சொன்னாள்:
படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடியே நின்றானாம்.
டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தாராம்.

ஊரைவிட்டுப் போகிறவர் நிற்க வேண்டும், அவன் நின்றான்.
ஓடி வர வேண்டியது பையன், நானும் நின்றேன்.
பாடத்தை இருவருமே
பிழையில்லாமல்தான் படித்திருக்கிறோம்.

பிறகு ஒரு கல்யாணம். பிறகு இன்னொன்று.
இப்போதும் சண்டை முற்றினால்
என் கண் வாசலுக்குப் போகும்,
யாராவது மூச்சிரைக்க வர வேண்டும்.
கிளென் மெதுவாக நடக்கிறவன்.
பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டுதான் வருவான்.

கடையை மூடியபோது அந்தக் கேசட்டை
ஒரு டாலருக்கு வாங்கினேன்.
முத்தம் முழுக்கப் போய்விட்டிருந்தது, வெறும் வெள்ளை.
அதற்கப்புறம் பெயர்கள் ஓடும் மூன்று நிமிடம்
நேற்று வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது.
அங்கே ஒருவரும் நிறுத்தியதில்லை.
தச்சர்கள், சமையல், ஓட்டுநர்கள்,
மழைக்குத் தண்ணீர் லாரி கொடுத்தவர்,
அவனுக்காக ஓடிய இன்னொருவன்.