கூட்டக் குறிப்பில் ஏறாதவை

பத்தொன்பது வருடம் அவர் பேசியதை எழுதினேன்.
"மேயர் ரேஜான் திபுத்தோ கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்"
என்று இருநூற்றுச் சொச்சம் தடவை.
பூட்ஸிலிருந்து பனி உருகி
மேஜைக்கடியில் குளம் கட்டியதை
ஒரு தடவைகூட எழுதவில்லை.

அதற்கு முன் பிளம்பர்.
லாக்-ஓ-கோர்போவில்
எந்த வீட்டுச் சாக்கடை எங்கே முட்டும் என்பது
அவருக்கு மனப்பாடம்.
இடைத்தேர்தலில் கொடுத்த ஒரே வாக்குறுதி:
கூப்பிட்டால் வருவேன்.
பதினான்கு ஓட்டில் ஜெயித்தார்.
கூப்பிட்டார்கள்.
பனிவண்டி வரவில்லை என்று, பக்கத்து வீட்டு நாய் என்று,
ஒருமுறை
தூக்கம் வரவில்லை என்று ஒரு கிழவர்.

பனி அள்ளும் ஒப்பந்தம், தீர்மானம் எண் எண்பத்தெட்டு,
ஏகமனதாக.
மைத்துனர் என்ற சொல் அதில் இல்லை.
நானும் சேர்க்கவில்லை.

காகித ஆலையை மூடினார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மாண்ட்ரியாலிலிருந்து கோட்டுப் போட்டவர்கள் வந்து
திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினார்கள்.
அவர் ஒன்றுதான் கேட்டார்:
"பாய்லரை அணைத்ததும் குழாய்களை வடிப்பீர்கள்தானே?
இல்லையென்றால் ஜனவரியில் வெடிக்கும்."
யாரோ சிரித்தார்கள்.
நான் எழுதினேன்: மேயர் தொழில்நுட்ப விளக்கம் கோரினார்.
மறுபடி திறக்கும் ஆலைக்குத்தான்
குழாய் முழுசாக இருக்கவேண்டும் என்பது
வீட்டில் பாத்திரம் கழுவும்போது உறைத்தது.

ஜனவரியில் வெடித்தது.

பிறகு வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்தார்.
ஏரிக்கரையில் இருந்துகொண்டு
தண்ணீருக்குக் காசா?
அறுநூறு ஓட்டில் தோற்றார்,
நோயமி காஸ்தியூவிடம்.
அவள் பிறந்த வீட்டுக் குளியல்தொட்டியும்
அவர் பொருத்தியதுதான்.

நேற்றுக் கூட்டத்துக்கு வந்திருந்தார்.
பொதுமக்கள் வரிசை, மூன்றாவது நாற்காலி.
கேள்வி நேரத்தில் கை தூக்கினார்.
"பெயர், முகவரி?" என்றாள் மேயர்.
அவர் கொண்டுவந்த விதி.
எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி,
எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
எனக்குத் தெரியாத மாதிரி.
நானும் தெரியாத மாதிரி எழுதிக்கொண்டேன்.

"கேள்வி இல்லை," என்றார்.
"உங்கள் தலைக்கு மேலே கூரையில் ஈரம்.
அங்கே உட்கார்ந்தால் தெரியாது."

எல்லோரும் அண்ணாந்தோம்.
பழுப்பாக, ஒரு தட்டு அகலம்.
எத்தனை வருடமாகவோ.