ஒற்றைக் கைக்கு ஒரு நாவல்

இருநூற்றுப் பன்னிரண்டு.
சனிக்கிழமை எண்ணும்போது இருநூற்றுப் பத்துதான்.
இடையில் ஒரு ஞாயிறு, திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை,
கிராமபோன் ஊசிகளுக்கும் கூண்டுக் குருவிகளுக்கும் நடுவே
இரண்டு நாவல்கள் என்னைப் பார்த்தன.
நான் என்ன செய்ய.

நாளைக்கு ஒன்று வேண்டும்.
செவ்வாய், வியாழன், சனி, நான்கு மணி நேரம்
என் இடது கை என்னுடையதல்ல.
இரண்டு ஊசி, இரண்டு குழாய்;
இரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.
மிச்சமிருப்பது வலக்கை.
ஆகவே என் இலக்கிய விமரிசனமெல்லாம்
சமையலறைத் தராசில்தான் நடக்கிறது.

முந்நூறு கிராமைத் தாண்டினால் மணிக்கட்டு முனகும்.
கெட்டி அட்டை ஆகாது.
விரித்தால் தானே மூடிக்கொள்ளும் பசை முதுகும் ஆகாது.
பொடி எழுத்து அங்கிருக்கும் டியூப்லைட்டில் எறும்பாக ஊரும்.
இப்படிக் கழித்துக் கழித்து
பெரிய நாவல்களையெல்லாம்
படிக்காமலே நிராகரித்துவிட்டேன்.
மெலிந்தவை மட்டும் என்னோடு பஸ் ஏறுகின்றன:
ஒரே கோடையில் முடிந்துபோகும் காதல்கள்,
நூற்றிருபதாம் பக்கத்தில் பிடிபடும் கொலைகாரர்கள்.

வாரம் ஒன்று என்றால் இந்தக் குவியலுக்கு நான்கு வருஷம்.
சிறுநீரகத்துக்கான வரிசையிலும் நிற்கிறேன்.
தொலைபேசி எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்,
அடிக்காமலும் போகலாம்.
இதை யோசிக்கப் புகுந்தால்
சின்னப் புத்தகங்களாக எடுப்பதற்கு
மணிக்கட்டு மட்டும் காரணமில்லை என்பது தெரிந்துவிடும்.
ஆகவே யோசிப்பதில்லை.

இன்று ராத்திரி
ஆற்றங்கரைக் காற்று சன்னலை உலுக்கிக்கொண்டிருக்க,
அளந்து ஊற்றிய அரைக் குவளை மாத்தேயோடு நின்றேன்.
அடியில் அந்தச் செங்கல். தொள்ளாயிரத்து நாற்பது பக்கம்.
பதினோரு வருஷமாக மற்றவற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது,
மூத்த மருமகள் மாதிரி.
உருவினேன். மேலே இருந்தவை சரிந்தன. சரியட்டும்.
ஒரு கிலோ நூற்றைம்பது.

ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்தேன்.

நோட்டரி அலுவலகத்தில் முப்பது வருஷம்
பத்திரம் தைத்தவள் நான்; நூல் எங்கே ஓடும் என்று தெரியும்.
இருந்தாலும் முதல் கீறலில்
யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு ஒரு வாக்கியம் அறுந்தது:
'அவள் கதவைத் திறந்தபோது அங்கே'
அங்கே என்ன என்பது அடுத்த துண்டில்.
பார்க்கவில்லை. சத்தியமாக.
மூன்று துண்டு, ஒவ்வொன்றும் முந்நூற்று எண்பது கிராம் சொச்சம்.
மணிக்கட்டு பொறுத்துக்கொள்ளட்டும்.

மூன்று வாரமாகிறது.
பக்கத்து நாற்காலி வில்மார்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
குதிரைப் பந்தயப் பக்கம் தவிர எதையும் புரட்டாதவர்,
நான் முடித்த முதல் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார்:
'தோன்யா சுல்மா, அந்த மாட்டு வைத்தியன்
சொல்வது பொய்யா இல்லையா?'
நான் முந்நூறு பக்கம் முன்னால் நிற்கிறேன்; எல்லாம் தெரியும்.
'படியுங்கள்' என்கிறேன்.
நர்ஸ் யானெல்லா பிரஷர் பார்க்க வந்து
'ரெண்டு பேருக்கும் ஏறியிருக்கு, என்ன சண்டை?' என்கிறாள்.

மூன்றாம் துண்டு வீட்டில்,
பின்னட்டையை மட்டும் உடுத்திக்கொண்டு மேசைமேல் கிடக்கிறது.
வில்மார் இரண்டாவதை முடிக்கும்வரை
தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.
அவரோ உதடசைத்துப் படிப்பவர். மணிக்கு ஒன்பது பக்கம்.

ஆக, நாளைக்கு மறுபடியும் ஒன்று வேண்டும்.
இருநூற்றுப் பதினொன்று.
இல்லை, நேற்று சந்தையில் ஒன்று… இருநூற்றுப் பன்னிரண்டு.
தராசை ஒதுக்கிவிட்டேன்.
கத்தியோடு நிற்கிறேன்.
குவியலில் இருப்பதிலேயே தடித்தவை
கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டதுபோல் தெரிகிறது.